பாத்திரத்தின் விளிம்பு

ஞானாபரணத்தின் பிடரியில் தலைக்கெண்ணெய் வியர்வையோடு கலந்து ஒரு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அது சட்டைக் கழுத்துப்பட்டியைத் தொட்டு, அங்கே ஏற்கெனவே இருந்த மஞ்சள் கறையோடு சேர்ந்துகொள்வதை இரண்டாம் வரிசையிலிருந்து அருமைநாயகம் பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்க வேண்டாம் என்றுதான் நினைத்தார்; கண் அங்கேயே போயிற்று. பிரசங்க பீடத்தில் போதகர் எபநேசர் பொறுமையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பொறுமை, பொறுமை என்று சொல்லும்போதெல்லாம் அவருடைய உதட்டோரத்தில் வெள்ளையாக நுரை கட்டியது. பிரசங்கம் முடிந்தால், அப்பமும் திராட்சரசமும் வாங்கிக்கொள்ளும் இராப்போஜனம். அதற்கு முன்னால், நம் கல்லூரி ரசாயனப் பேராசிரியர் ஒரு வார்த்தை சொல்லுவார் என்று போதகர் கூப்பிடுவார். அருமைநாயகம் எழுந்து போய், எல்லாரும் ஒரே பாத்திரத்தில் குடித்தால் கிருமி பரவும், இது விஞ்ஞானம், ஆகையால் இன்று முதல் இரண்டு பாத்திரம் என்று சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்துகொள்ளலாம். இரண்டும் பலிபீடத்தின் மேல் தயாராக இருந்தன. பழையது வெள்ளி, துரைமார் காலத்தில் கப்பலில் வந்தது. புதியது ஈயம் பூசிய பித்தளை, சபை மூப்பர் ஞானாபரணம் கடைத்தெருவில் வாங்கி வந்து, லேஸ் துணி போட்டு மூடி வைத்தது. வெள்ளி, பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற சாதிக்கார குடும்பங்களுக்கு. பித்தளை, பின்வாசல் வழியாக வந்து பாயில் உட்கார்ந்திருக்கிற சேரி ஜனத்துக்கு. சீயோன்பேட்டைக் கோயிலில் பெஞ்சு பாதி தூரம்தான். அதற்குப் பின்னால் பாய். இத்தனை காலமும் முதலில் பெஞ்சு குடிக்கும், பிறகு பாய் குடிக்கும், ஆனாலும் பாத்திரம் ஒன்றாக இருந்தது. அந்த ஒன்றும் இப்போது பெஞ்சுக்குப் பொறுக்கவில்லை. பொறுமை, என்றார் போதகர். நுரை.

இராப்போஜன நாள் என்று காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றில் அந்த எண்ணெய் வாசனை, பெண்கள் பக்கத்து மல்லிகை, உருகும் மெழுகு எல்லாம் ஒன்றாகப் புரண்டு தொண்டைக்கு ஏறின. நாற்றம் என்றால் என்னவென்று அவருக்குத் தெரியாதா? ரசாயனசாலையில் முட்டை அழுகிய வாடை வீசும் கந்தக வாயுவுக்கு நடுவே பாதி ஆயுளை நின்றே கழித்தவர். மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலுக்கு ஓடுவார்கள். ஊரில் நாத்த வாத்தியார் என்றே பட்டப்பெயர். அவருக்கு அது நாற்றமாகப் பட்டதே இல்லை. அது பேசுகிற வாயு. கரைசலுக்குள் விட்டால் ஈயம் கறுப்பாக வந்து நிற்கும், பாஷாணம் மஞ்சளாக வந்து நிற்கும், ஒவ்வொன்றும் தன் பெயரைத் தானே சொல்லும், பொய் சொல்லாது. வாயுவைக் குப்பியில் அடைப்பது மந்திரவாதி வேலை என்று அப்பா பயந்திருந்தார். அப்பா கிராமத்து உபதேசியார், ஜெபமும் ஞானப்பாட்டும் தவிர வேறொன்றும் அறியாதவர். அருமைநாயகம் ஒரு விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது நூலில் கட்டி வளர்த்த மயில்துத்தப் படிகம் ஒன்றைக் கொண்டுபோய் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். சாய்ந்த பக்கங்கள், சீவினாற்போல ஓரம், அந்த நீலம். யாருடா இதுக்கு மட்டம் பார்த்துச் செதுக்கினது, என்று அப்பா கேட்டார். யாரும் செதுக்கலைப்பா, தானா இப்படித்தான் வளருது, எங்க வளர்த்தாலும் இதே சாய்வுதான்.  அப்பா படிகத்தைக் கையில் வைத்துக்கொண்டே முழங்காலிட்டார். அன்று முதல் விசுவாசத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் நடுவில் அருமைநாயகத்துக்குச் சுவர் இருந்ததில்லை. வகுப்பு தொடங்குமுன் கண்ணை மூடி நிற்பார். தராசைத் தொடுமுன் ஒரு வாக்கியம் ஜெபிப்பார். அணுவை நம்புகிறவர் அற்புதத்தையும் நம்புகிறாரே என்று சக ஆசிரியர்கள் சிரித்தார்கள். அதிகம் படிச்சு விசுவாசம் கெட்டவர் என்று சபையில் முணுமுணுத்தார்கள். இரண்டு பக்கமும் அவரைச் சந்தேகித்தது. அவருக்கு மட்டும் சந்தேகம் வந்ததில்லை. இப்போது அந்த இரண்டையும் ஒரே வாயில் போட்டு மென்று லேஸ் துணிக்கடியில் துப்பி வைத்திருக்கிறார் ஞானாபரணம்.

அந்த வாய். அதே வாய்தான் ரசாயனசாலைக்கு வந்து அவருடைய முக்காலியில் உட்கார்ந்துகொண்டு, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளியபடி பேசியது. பேராசிரியரே, நம்ம பாத்திரத்தைப் பரிசோதனை பண்ணிச் சொல்லும், காலம் மாறிப்போச்சு, சீமையிலயே ஆளுக்கொரு பாத்திரம் வெச்சுட்டானாம், சுகாதாரம் பாருங்க. சரி என்றார் அருமைநாயகம், அதில் தவறில்லையே, கேள்வி நியாயமான கேள்விதானே. அடுத்த இராப்போஜனத்தில், சுட்டுச் சுத்தம் செய்த பஞ்சால் பெஞ்சுக்காரர்கள் குடித்து முடித்தவுடன் விளிம்பைத் துடைத்தார். பாய்க்காரர்கள் குடித்த பிறகு வேறொரு பஞ்சால் துடைத்தார். இரண்டையும் மருத்துவப் பள்ளி நண்பரிடம் கொண்டுபோய் இரண்டு கண்ணாடித் தட்டுகளில் கிருமி வளர்க்கும் ஜெலட்டினில் தடவி வைத்தார்கள். வளர்ந்தது. ஐயோ, எப்படி வளர்ந்தது! மஞ்சள் புள்ளி, வெள்ளைச் சளி மாதிரி ஒரு படலம், ஓரத்தில் உரோமம் முளைத்த சாம்பல் வட்டம். மூடியைத் திறந்ததும் ஒரு புளித்த வாடை. நண்பர் இரண்டு தட்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, இப்ப சொல்லும் எது யாருதுன்னு, என்று சிரித்தார். சொல்ல முடியவில்லை. கந்தக வாயு ஈயத்துக்கும் பாஷாணத்துக்கும் வித்தியாசம் சொல்லும். இங்கே சொல்வதற்கு வித்தியாசமே இல்லை. அதை அப்படியே ஞானாபரணத்திடம் போய்ச் சொன்னார். ஞானாபரணம் முகம் மலர்ந்துவிட்டது. கிருமி இருக்குல்ல? இருக்கு, ஆனா ரெண்டுலயும் இருக்கு. கிருமி இருக்குன்னு சொன்னா போதும் பேராசிரியரே, யாரோடதுன்னு எவன் கேக்கப் போறான்? சொல்லிவிட்டு எழுந்து ஜன்னலுக்கு வெளியே துப்பினார். சுவரில் சிவப்பாக வழிந்தது. அந்தச் சிவப்பை மறுநாள் கழுவச் சொல்ல வேண்டும் என்று நினைத்து, யாரைக் கழுவச் சொல்வது என்று நினைத்து, கழுவ வருகிறவளும் பாயில் உட்காருகிறவள்தான் என்று நினைத்தபோது முதல் தடவையாக வயிறு புரண்டது. அன்று புரண்டதுதான், இன்னும் அடங்கவில்லை.

போதகர் பக்கத்தைப் புரட்டினார். இன்னும் கொஞ்சம்தான். அருமைநாயகம் பெண்கள் பக்கம் பார்த்தார். அவர் மனைவி கிரேஸ் உட்காரும் இடத்தில் இப்போது மூப்பரின் மருமகள் உட்கார்ந்து குழந்தைக்கு விசிறிக்கொண்டிருந்தாள். கிரேஸ் உயிரோடு இருந்தபோது அந்த இடத்திலிருந்து இருமல் வரும். முதலில் சின்னதாக, கைக்குட்டைக்குள். பிறகு மூச்சு நிற்கும் அளவுக்கு, பாட்டை எல்லாரும் நிறுத்திவிடும் அளவுக்கு. க்ஷயம் என்று டாக்டர் சொன்ன வாரமே அருமைநாயகம் போதகர் வீட்டுக்குப் போனார். ஐயா, அவளுக்கு அப்பம் மட்டும் கொடுங்கள், இல்லாவிட்டால் பாத்திரத்தைக் கடைசியாகக் கொடுங்கள், இந்த நோய் எச்சிலில் இருக்கிறது, பின்னால் குடிக்கிறவர்கள் இருக்கிறார்களே.  பக்கத்தில் இருந்த ஞானாபரணம்தான் பதில் சொன்னார். ஆண்டவருடைய இரத்தத்துல கிருமியா? என்ன பேச்சு பேசுறீர்? உமக்கு விசுவாசம் இருக்கா இல்லையா? நம்ம வீட்டுப் பொம்பளையைக் கடைசில, அவங்களுக்கெல்லாம் பின்னால நிக்க வெக்கச் சொல்றீரா? அவர்களுக்கெல்லாம் பின்னால். அதுதான் விஷயம். கிரேஸும் அழுதாள். என்னங்க, எனக்கு வேற எதுவும் வேணாம், அந்தப் பாத்திரத்தை மட்டும் தடுத்துடாதீங்க. தடுக்கவில்லை. கடைசி மாதங்களில் நடக்க முடியாதபோது ஞானாபரணமும் இன்னொருவரும் நாற்காலியோடு அவளைத் தூக்கிக்கொண்டுபோய்ப் பலிபீடத்தின் முன்னால் வைத்தார்கள். எவ்வளவு அன்பு என்று சபையே உருகிற்று. அவள் விளிம்பில் வாய் வைத்து இருமினாள். போதகர் துணியால் ஒரு துடைப்புத் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். பெஞ்சு முடிந்து பாய். அவளுக்குப் பின்னால் குடித்தவர்களின் முகங்களை அருமைநாயகம் அன்று பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஒளியாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது, ஒளியாகத்தான் இருந்தது. நுரையீரல் அழுகிக்கொண்டிருந்த ஒரு உடம்பின் மேலே அப்படி ஒரு முகம். இரண்டையும் சேர்த்து நினைக்கும்போதெல்லாம் மனம் ஒரு முள்ளில் மாட்டிக்கொள்ளும், முன்னும் போகாது, பின்னும் போகாது. அன்றைக்குக் கிருமி அவிசுவாசம். இன்றைக்குக் கிருமி விஞ்ஞானம். அன்றைக்கு இருமியவள் பெஞ்சுக்காரி. இன்றைக்கு இருமுகிறவர் பாயில் உட்காரும் தாவீது வாத்தியார்.

இதோ இருமுகிறார். பின்னாலிருந்து, வறட்டு இருமல். சேரிப் பள்ளிக்கூடத்தில் சுண்ணாம்புக்கட்டித் தூளைத் தின்று தின்று வந்த இருமலாக இருக்கலாம், ஆஸ்துமாவாக இருக்கலாம், அதுவாகவே இருக்கலாம், யாருக்குத் தெரியும். ஞானாபரணம் அந்த இருமலுக்குத் தோளைக் குறுக்கிக்கொண்டார். எண்ணெய்க்கோடு ஒரு நெளி நெளிந்தது. சீ. ஆனால் நீ மட்டும் என்ன, என்று கேட்டது உள்ளே ஒன்று. ஒருமுறை தாவீது வாத்தியார் வீட்டுக்குப் போனார், பள்ளிக்கூடத்துக்குத் தராசு ஒன்று கொடுப்பதற்காக. வாத்தியாரின் மனைவி மோர் கொண்டுவந்து, வைக்கவா வேண்டாமா என்று நின்றாள். இவர் கை நீட்டி வாங்கினார். உதடு படக் குடித்தார். பெருங்காயம் போட்ட நல்ல மோர், அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. அவர்கள் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் தன்னைப் பற்றிச் சந்தோஷப்பட்டுக்கொண்டே திரும்பி வந்தார். வருகிற வழியில் வாய்க்காலில் இறங்கி வாயைக் கொப்பளித்தார். ஏன் கொப்பளித்தார்? யாரும் பார்க்கவில்லை, யாரும் கொப்பளி என்று சொல்லவில்லை, எந்தக் கிருமியையும் அவர் நினைக்கவில்லை. கால் தானாக இறங்கிற்று, கை தானாக அள்ளிற்று. மயில்துத்தத்துக்குச் சாய்வு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை, அதுபோல. அதை நினைக்க நினைக்க வாயில் கசந்தது. ஞானாபரணத்தைப் பார்த்து வருகிற குமட்டலும் தன்னைப் பார்த்து வருகிற குமட்டலும் ஒரே இடத்திலிருந்துதான் ஏறுகின்றன. தட்டை மாற்றி மாற்றி வைத்தாலும் எது எதுவென்று சொல்ல முடியாது. எச்சில் என்று ஒரு வார்த்தை. ரசாயனத்தில் அது உப்பும் தண்ணீரும் கொஞ்சம் கோழையும். இந்த ஊரில் அது ஒரு ஆளின் விலை. ஒருவன் எச்சில் பிரசாதம், ஒருவன் எச்சில் தீட்டு. எழுந்து போய் இரண்டு பாத்திரம் என்று சொல்லிவிட்டால் என்ன? சுகாதாரத்துக்கு நல்லதுதானே? பொய்யும் இல்லையே? பொய் இல்லாத ஒன்றைச் சொல்லி இவ்வளவு பெரிய பொய்யைச் சொல்ல முடியும் என்பதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒவ்வொரு தட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்த கண், அப்பா கையில் படிகத்தைப் பார்த்த அதே கண், அந்தக் கண்ணையே இந்தப் பொய்க்குச் சாட்சியாக வைக்கிறார்கள்.

ஆமென், என்றார் போதகர். சபை இருமி, அசைந்து, சேலை சரிசெய்துகொண்டது. "இப்போது நமது பேராசிரியர் அருமைநாயகம் அவர்கள், சுகாதாரம் சம்பந்தமாக ஒரு வார்த்தை." ஞானாபரணம் பாதி திரும்பித் தலையசைத்தார், உதட்டு மடிப்பில் நேற்றைய வெற்றிலைச் சிவப்பு. அருமைநாயகம் எழுந்தார்.  பலிபீடத்தின் படிக்குப் போய்த் திரும்பி நின்றபோது பெஞ்சுகள் எல்லாம் முகங்களாகவும், முகங்கள் எல்லாம் வாய்களாகவும் தெரிந்தன. ஈரமான, திறந்த, மூடிய, மீசைக்கடியில் ஒளிந்த வாய்கள். அவற்றுக்குப் பின்னால் தூரத்தில், தரையோடு தரையாக, பாய்.

"பாத்திரத்துல கிருமி இருக்கு," என்றார். ஞானாபரணம் நிம்மதியாகச் சாய்ந்தார். "பெஞ்சுல இருக்கிறவங்க குடிச்ச பிறகு பார்த்தேன். இருந்துச்சு. என்னுதும் அதுல உண்டு. பாயில இருக்கிறவங்க குடிச்ச பிறகு பார்த்தேன். அதே கிருமி. வித்தியாசம் இல்லை."

"அது போதும் பேராசிரியரே," என்றார் ஞானாபரணம், உட்கார்ந்தபடியே.

"போதாது. என் மனைவி கிரேஸ் க்ஷயத்தோட இதே பாத்திரத்துலதான் குடிச்சா. அவளைக் கடைசில நிறுத்துங்கன்னு நான் கேட்டேன். ஆண்டவர் இரத்தத்துல கிருமியான்னு இதே மூப்பர் என்னைக் கேட்டார். அன்னிக்கு ரெண்டாவது பாத்திரம் வாங்க யாருக்கும் தோணலை. இன்னிக்கு எப்படித் தோணுச்சு? இது சுகாதாரம் இல்லை. என் விஞ்ஞானத்தை இதுக்குள்ள கொண்டுவராதீங்க."

சொல்லி முடித்ததும் ஒரு சுகம் உடம்பெல்லாம் பரவியது. எறிந்தது சரியாகப் போய் விழுந்துவிட்டது என்ற சுகம். ஞானாபரணத்தின் முகம் கறுத்தது. போதகர் அங்கியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். அப்போது பாயில் யாரோ எழுந்தார்கள். தாவீது வாத்தியார். அந்தக் கோயிலில் பாயிலிருந்து பாட்டுச் சத்தம் தவிர வேறு சத்தம் யாரும் கேட்டதில்லை.

"ஐயா, ஒன்னு கேக்கலாங்களா?"

"கேளுங்க."

"அம்மா குடிச்ச பாத்திரத்துலதான் அவங்களுக்குப் பின்னால நாங்க குடிச்சமா?"

அருமைநாயகம் வாயைத் திறந்தார். சுகம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. "ஆமா."

"அந்த வியாதி அதுல வருங்களா?"

"வரலாம். வந்தே தீரும்னு இல்லை. வரலாம்."

பாயில் ஒருத்தி தன் பிள்ளையின் வாயை முந்தானையால் மூடினாள், இவ்வளவு காலம் கழித்து, இப்போது. ஒரு கிழவர் தன் மார்பைத் தடவிக்கொண்டார். பெஞ்சைப் பார்த்து எறிந்தது பாயில் போய் விழுந்திருந்தது. இவர்களை அவர் நினைக்கவே இல்லை. ஞானாபரணத்தை வெல்ல இவர்களுடைய நுரையீரலை எடுத்து வீசியிருந்தார். தாவீது வாத்தியார் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு நின்றார், கரும்பலகையில் ஒரு கணக்கைப் பார்ப்பவர் போல. கோபம் மாதிரித் தெரியவில்லை. கோபமாக இருந்தால் தேவலை என்று அருமைநாயகத்துக்குப் பட்டது.

"அப்ப முதல்ல குடிக்கிறவங்களுக்குத்தான் சுத்தம். இல்லீங்களா ஐயா?"

"ஆமா."

"அப்ப இன்னிக்கு நாங்க முதல்ல வர்றோம்."

அவர் நடந்தார். ஒரு கணம் அவர் மட்டும்தான் நடந்தார். பிறகு முந்தானையால் பிள்ளை வாயை மூடியவள் எழுந்தாள், கிழவர் எழுந்தார், பாய் முழுக்க எழுந்தது. பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த பாதையில் அவர்கள் வந்தபோது முன்வரிசைக் கால்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. ஞானாபரணம் எழுந்து, போதகரைப் பார்த்து, "ஐயரே, இதைப் பார்த்துட்டு நிக்கிறீரா?" என்று உரத்துக் கேட்டார். போதகர் நின்றார். நிற்பதைத் தவிர அவருக்கு அந்த நேரத்தில் வேறொன்றும் வரவில்லை. ஞானாபரணம் அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனாள். இன்னும் சில குடும்பங்கள் போயின. மற்றவர்கள் போகவும் இல்லை, எழவும் இல்லை. தாவீது வாத்தியார் வெள்ளிப் பாத்திரத்துக்கு நேராக முழங்காலிட்டார். போதகரின் கை அதற்கும் இதற்கும் நடுவே அலைந்து, கடைசியில் வெள்ளியை எடுத்தது.

அவர்கள் குடித்தார்கள். வாத்தியார் தான் குடிக்காமல் மற்றவர்களை முன்னால் விட்டு, கடைசி ஆளாகக் குடித்தார். வாயெடுத்த பிறகுதான், முகத்தைத் திருப்பித் தோளுக்குள் இருமினார். அதற்கு அடுத்த இடத்தில் அருமைநாயகம் முழங்காலிட்டார். இடது பக்கம் வாத்தியாரின் மூச்சு கரகரத்தது. வலது பக்கம் வெறும் படி. பாத்திரம் வந்தது. விளிம்பு ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. உள்ளே கொஞ்சம் திராட்சரசம், அதில் ஊறிப்போன அப்பத் துணுக்கு ஒன்று மிதந்தது. அவருக்கு எல்லாம் தெரியும். தட்டு தெரியும், மஞ்சள் புள்ளி தெரியும், உரோமம் முளைத்த வட்டம் தெரியும். அதற்கும் அடியில் இருக்கிற இன்னொன்றும் தெரியும், வாய்க்காலில் இறங்கிய கால் அது. எது இப்போது தொண்டையை அடைக்கிறது? தெரியவில்லை. ஆண்டவரே, என்றார். ஒளி எதுவும் வரவில்லை. வாயில் ஊறிய புளிப்புத்தான் வந்தது. விளிம்பில் உதட்டை வைத்தார். குடித்தார். துணுக்கு நாக்கில் பட்டு வழுக்கியது. வயிறு எகிறியது, கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கண்ணில் நீர் முட்ட, அப்படியே இருந்தார். பக்கத்தில் வாத்தியார் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒத்துக்கலீங்களா ஐயா?" என்று மெல்லக் கேட்டார்.

"இல்லை," என்றார் அருமைநாயகம் கையை எடுக்காமல். "உள்ள போயிடும். இருங்க."

இறங்கியது. மெதுவாக, பாதி வழி வந்து திரும்பி, மறுபடி இறங்கியது. வாத்தியார் எழுந்திருக்காமல் அது இறங்கும்வரை பக்கத்திலேயே இருந்தார். பெஞ்சிலிருந்து வேறு யாரும் வரவில்லை. போதகர் வெகுநேரம் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மிச்சத்தைப் போதகர்தான் குடித்து முடிக்க வேண்டும், அது முறை. இத்தனை காலமும் அதைத்தானே குடித்தார்? ஆனால் இன்று அவர் உள்ளே எட்டிப் பார்த்தார். பெஞ்சைப் பார்த்தார். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி ஒரே மடக்காகக் குடித்தார். அவர் தொண்டையும் ஒருமுறை அடைத்துத் திறப்பதை அருமைநாயகம் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார்.